ராத்தாவின் தலையில் சுருள் மருந்து

கூழ்முட்டை மணம் பட்டால் இன்றைக்கும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். முட்டை உடைக்க வேண்டுமென்றால் வீட்டில் வேறு யாரையாவது கூப்பிடுவேன். பிள்ளைகள் இதை வைத்து என்னைக் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். அந்த மணத்துக்குள் என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தாவின் தலைமுடியும் அவளுடைய கலியாணமும் நான் சொன்ன இரண்டு பொய்யும் கிடப்பது அவர்களுக்குத் தெரியாது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வீடு மருதமுனையில். தெருவில் முக்கால்வாசி வீடுகளில் தறி இருந்தது. எங்களிடம் தறி இல்லை. உம்மா அயல் வீட்டுத் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுப்பா. விரல் நீளத்தில் சின்னச் சின்னக் குழல்கள். அவற்றில் நூலை இறுக்கிச் சுற்றிக் கூடையில் போட்டு வைத்தால் தறிக்காரர் வந்து எடுத்துப் போவார். ராத்தாவும் நானும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கண்ணை மூடியும் சுற்றுவோம். வாப்பாவுக்கு யாவாரம். முட்டை, காய்கறி, கருவாடு என்று சேர்த்துக்கொண்டு, அம்பாறைப் பக்கம் அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த ஆட்களின் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய் விற்பார்.

எனக்குப் பதினைந்து வயது. பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனால் அதற்குள் இங்கிலீசு எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிவிட்டேன். வாப்பா குடியிருப்புகளிலிருந்து பழைய படப் புத்தகங்கள் கொண்டுவந்து தருவார். அகராதி ஒன்றும் தந்தார், முன்னட்டை இல்லாதது. உம்மாவுக்கு அது பிடிக்காது. "இந்த இங்கிலீசால இந்த வீட்டுக்கு என்னமோ ஒண்டு வரப்போகுது, பாத்திரிங்க" என்று அடிக்கடி சொல்லுவா. ஏதாவது பிழை நடந்தால் புத்தகமெல்லாம் அடுப்புக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் வாசித்தேன். பயத்தோடு வாசித்ததால்தானோ என்னவோ, வாசித்தது எல்லாம் மனதில் நின்றது.

ராத்தாவுக்குப் பத்தொன்பது. அவளுடைய முடி முழங்கால் வரை. சும்மா சொல்லவில்லை, நின்று அவிழ்த்தால் முழங்காலைத் தொடும். கோடு போட்டது போல் நேரான முடி, வளைவே கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் உம்மா, எங்களுக்குத் தூரத்து உறவில் மாமி, ராத்தாவின் கொண்டையைத் தன் கையால் அவிழ்த்து முழம் போட்டு அளந்து பார்த்தா. பிறகு வேறு எதையும் பார்க்கவில்லை. "எங்கட வீட்டுக்கு வர வேண்டிய பரக்கத்து இது" என்றா. கலியாணம் அந்த இடத்திலேயே பேசி முடிந்தது.

மாப்பிள்ளை அம்பாறையில் அணைக்கட்டு வேலைக் கந்தோரில் கிளாக்கர். நல்ல பிள்ளை என்றார்கள், இங்கிலீசு தண்ணீர்பட்ட பாடு என்றார்கள். இங்கேதான் ராத்தாவுக்குக் கவலை பிடித்தது. மாப்பிள்ளையின் தங்கை ஒருநாள் வந்திருந்தபோது தன் அண்ணனைப் பற்றிப் பேச்சுவாக்கில், "காக்காட கந்தோருக்கு வாற லேடிமாருக்கெல்லாம் சுருட்டை முடி, பாக்க நல்லா இரிக்குமாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு அது ஒரு கதை. ராத்தாவுக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது. "என்னப் பாத்து நாட்டுப்புறம் எண்டு நினைச்சிருவாரோ?" என்று என்னிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்பாள். முழங்கால் வரை முடி வைத்துக்கொண்டு அழுகிற ஒருத்தியை நான் அதற்கு முன் கண்டதில்லை. எலிவால் மாதிரி இருந்த என் பின்னலைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வந்தது.

அந்த நேரத்தில்தான் வாப்பா ஒரு பலகைப் பெட்டியைக் கொண்டுவந்தார். குடியிருப்பில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் குடும்பம் ஊருக்குத் திரும்பிப் போகிறதாம். அந்த வீட்டு அம்மா, "உன் பெண்பிள்ளைகளுக்குக் கொடு" என்று தேவையில்லாததையெல்லாம் போட்டுக் கொடுத்திருந்தா. பிடியில்லாத கோப்பைகள், படப் புத்தகங்கள், ஒரு உடைந்த விசிறி. அடியில் ஒரு கடதாசிப் பெட்டி. அதன்மேல் சுருட்டைத் தலையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். வாப்பா அதை உடம்புக்குப் போட்டுக் குளிக்கிற வாசனைச் சவுக்காரம் என்று நினைத்தார்.

சவுக்காரம் இல்லை. உள்ளே இரண்டு போத்தல், கொஞ்சம் சுருட்டுக் குழல், சிகரெட் கடதாசி போல மெல்லிய தாள் ஒரு கட்டு, இரண்டாக மடித்த ஒரு விளக்கக் கடதாசி. அகராதியை வைத்து மூன்று நாள் அந்தக் கடதாசியோடு மல்லுக்கட்டினேன். முதல் போத்தல் மருந்தை முடியில் தடவிக்கொண்டே குழலில் சுற்ற வேண்டும். பொறுத்திருந்து தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். பிறகு இரண்டாவது போத்தலை ஊற்றினால் சுருள் நிலைத்துவிடும். நடுவில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. மருந்து தலையில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது, நின்றால் முடி அறுந்து விழும்.

இதை ராத்தாவுக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. "கொஞ்ச நேரம் வெச்சிட்டுக் கழுவோணும்" என்று மட்டும் சொன்னேன். அறுந்து விழும் என்று சொன்னால் அவள் வேண்டாம் என்றுவிடுவாள். எனக்கோ அந்தப் போத்தலைத் திறந்து பார்க்க வேண்டும், நான் வாசித்தது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை. கலியாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உம்மா சொந்தக்கார வீட்டுக்கு மௌலூது என்ற புகழ்ப்பாட்டு ஓதப் போனா. வர இஷாவாகும், நன்றாக இருட்டிவிடும் என்றா. வாப்பா அம்பாறையில். வீட்டில் மணிக்கூடு கிடையாது. வாப்பாவின் சட்டைப்பை மணிக்கூடு அவரோடு போய்விடும், எங்களுக்கு நேரம் என்றால் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் ஐந்து வாங்குதான். பதினைந்து நிமிடம் எவ்வளவு என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். சுற்றி முடித்த பிறகு பத்துக் குழல் நூல் சுற்றுகிற நேரம் பொறுத்தால் சரி. நானே யோசித்த கணக்கு, அதனால் அதில் எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது.

போத்தலைத் திறந்ததும் கூழ்முட்டையும் மூத்திரமும் கலந்தது போல் ஒரு நாற்றம். கண் எரிந்தது. ராத்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் தடவித் தடவிச் சுற்றினேன். பெட்டியில் இருந்த குழல்கள் பிடரியோடு முடிந்துவிட்டன. தோள் வரைக்கும் முடி வைத்திருக்கிற வெள்ளைக்காரப் பெண்களுக்குச் செய்த பெட்டி அது, முழங்கால் முடிக்கு எங்கே காணும்? உம்மாவின் கூடையிலிருந்து நூல் குழல்களை எடுத்தேன். கை பழகிய கை. நூலை இறுக்குவது போலவே முடியையும் இறுக்கி இறுக்கிச் சுற்றினேன். "மெல்லமா, மண்டை இழுக்குது" என்றாள் ராத்தா. தொய்வாகச் சுற்றினால் தறிக்காரர் திருப்பித் தந்துவிடுவார் என்று நான் பகிடி விட்டேன்.

சுற்றச் சுற்ற முடி தீர்வதாக இல்லை. வெயில் சுவரில் ஏறிக்கொண்டே போனது. முதலில் சுற்றிய குழல்களுக்கு மருந்து பட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். கடைசிக் குழலைச் சுற்றி முடித்து, இடது காதோரம் செருகியபோது பொழுது பட்டு, பள்ளிவாசலில் மஹ்ரிப் வாங்கு கேட்டது. அதே நேரம் வாசல் கதவும் திறந்தது. மௌலூது நேரத்தோடு முடிந்து உம்மா வந்துவிட்டா.

எங்கள் ஊரில் மஹ்ரிப் நேரத்தில் குமர்ப்பிள்ளைகள் தலையை விரித்துக்கொண்டு வெளியே நிற்கக் கூடாது. கிணற்றடிக்கு அறவே போகக் கூடாது, அந்த நேரம் ஷைத்தான் நடமாடும் நேரம். கலியாணம் பேசிய பெண்ணென்றால் இன்னும் கட்டுப்பாடு. ராத்தா அவசரமாக ஒரு துவாயைத் தலையில் சுற்றி அதற்கு மேல் முக்காட்டைப் போட்டுக்கொண்டாள். கிணற்றடிக்குப் போகிற பின்கதவை உம்மா தன் கையாலேயே சாத்திக் கொண்டி போட்டா.

"என்ன நாத்தம் இது?" என்று கேட்டா.

அந்த இடம்தான். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, 'உம்மா, ராத்தாட தலையில மருந்து இரிக்கு, இப்பவே கழுவோணும்' என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு அடி விழுந்திருக்கும். புத்தகங்கள் போயிருக்கும். முடி இருந்திருக்கும்.

"பின் வளவில சாயம் காய்ச்சுறாங்க போல உம்மா" என்றேன்.

எங்கள் தெருவில் நூலுக்குச் சாயம் காய்ச்சும் நாளில் அதே நாற்றம்தான் வரும். உம்மா நம்பிவிட்டா. சாடித் தண்ணீரில் முகம் கைகால் கழுவி உளுச் செய்துவிட்டு எங்களையும் தொழக் கூப்பிட்டா. ராத்தா அந்தத் தலையோடு என்னத்தைத் தொழுதாள் என்று தெரியவில்லை. நான் மூன்று ரக்அத்திலும் பதினைந்து நிமிடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். தொழுது சலாம் கொடுத்ததும் ஓடலாம் என்று பார்த்தால், மஹ்ரிபோடு வெள்ளி இரவு பிறந்துவிட்டது, குர்ஆனில் யாசீன் ஓத வேண்டும். உம்மா பாயில் நடுவில் உட்கார்ந்து எங்களை இரண்டு பக்கமும் இருத்திக்கொண்டா.

யாசீன் எனக்கு மனப்பாடம். வாய் அது பாட்டுக்கு ஓதியது. கண் ராத்தாவின் நெற்றியில் இருந்தது. துவாயின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கி அவளுடைய புருவத்தில் நின்றது. அவள் துடைக்கவில்லை. ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள், 'நேரம் சரியா?' என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று என்னையே கேட்டு எத்தனையோ வருசம் போய்விட்டது. பயம்தான். வேறு காரணம் தேடினால் அது பொய்.

ஓதி முடித்து உம்மா அடுப்படிக்குப் போன பிறகு, கொண்டியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினோம். நான் வாளி வாளியாக ஊற்றினேன். பிறகு முதல் குழலை அவிழ்க்கக் கை வைத்தேன். குழல் கையோடு வந்துவிட்டது. முடியும் குழலோடு வந்துவிட்டது.

என் மகள் பிற்காலத்தில் விஞ்ஞானப் பாடம் படிக்கும்போது இதன் காரணத்தை எனக்குச் சொல்லித் தந்தாள். முடிக்குள்ளே புரத இழைகள் இருக்கின்றன, அவற்றைக் குறுக்கே கட்டி வைத்திருப்பது கந்தகம். முதல் மருந்து அந்தக் கட்டுகளை அவிழ்க்கிறது. அப்போது முடி இளகி, எதில் சுற்றுகிறோமோ அந்த வடிவத்துக்குப் போகிறது. இரண்டாவது மருந்து அந்த வடிவத்திலேயே திரும்பக் கட்டிவிடுகிறது. கட்டுகளில் கொஞ்சம் அவிழ்ந்தால் சுருள் வரும். எல்லாமே அவிழ்ந்தால் திரும்பக் கட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அவள் புத்தகத்தைப் பார்த்துச் சரளமாகச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ராத்தாவின் முடி தொட்டால் வழுவழுவென்று, ஊறிப்போன சேமியா போல இழுபட்டு அறுந்தது. நான் இரண்டாவது போத்தலையும் ஊற்றினேன். மிஞ்சியது பிடரி வரைக்கும், அதுவும் ஒரு இடத்தில் நீளம் ஒரு இடத்தில் கட்டை. கடைசியாகச் சுற்றிய இடது காதோரத்தில் மட்டும் ஐந்தாறு சுருள்கள், பெட்டியின் மேல் சிரித்த பெண்ணின் சுருள்கள் போலவே அழகாக நின்றன. நான் வாசித்தது சரிதான் என்று சாட்சி சொல்ல அது மட்டும் மிஞ்சியது போல் இருந்தது. ராத்தா அழவில்லை. "மறுகா வளரும்தானே?" என்று கேட்டாள். போத்தல்களை உடைத்து வேலியோரம் புதைத்தோம், பெட்டியை அடுப்பில் போட்டோம். விளக்கக் கடதாசியை மட்டும் நான் எரிக்கவில்லை. தகரப் பெட்டிக்குள் அடியில் விரித்திருந்த பழைய தாளுக்குக் கீழே செருகி வைத்தேன்.

முடி சுற்றிய குழல்களை என்ன செய்வது என்று தெரியாமல் கூடைக்குள்ளேயே ஒளித்திருந்தோம். வெள்ளிக்கிழமை காலையில் உம்மா நூல் என்று நினைத்துக் கூடைக்குள் கையை விட்டா. எடுத்துப் பார்த்தா. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாவற்றையும் பாயில் வரிசையாக வைத்தா. எங்களைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டா. அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ராத்தா பெட்டியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் சொன்ன பிறகு உம்மா என்னைக் கூப்பிட்டா. "அதுக்குள்ள எழுதின கடதாசி ஒண்டு இரிந்தே, அதுல என்ன போட்டிரிக்கு?"

"மருந்து பூசுற விதம்தான் உம்மா. இப்ப அதக் காணல்ல."

இது இரண்டாவது பொய்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண்ணின் தலைக்கு எண்ணெய் வைக்க வருவார்கள். கலியாணத்துக்கு முன் அது எங்கள் பக்கத்தில் வழக்கம். அதற்கு நான்கு நாள் இருந்தது. அறுந்த முடியைச் சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்ளலாமா என்று ராத்தா கேட்டபோது, உம்மா, "முடியோட முடி சேக்கிறது ஹராம் மகள். அல்லாஹ்வையும் ஏமாத்தி மாமியையும் ஏமாத்தவா?" என்றா. விசயம் தெரிந்த வாப்பா, "கொண்டுவந்தவன் நான்தானே" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பாட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். வீட்டில் எல்லாரும் தங்கள் மேல் பழியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். எடுத்துப் போட வேண்டியவள் நான் மட்டும் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாமி தேங்காயெண்ணெய்ப் போத்தலோடும் பூவோடும் வந்தா. உம்மா முதலிலேயே ஏதோ சொல்லப் பார்த்தா, பிறகு பாயை விரித்து இருக்கச் சொன்னா. மாமி சிரித்துக்கொண்டே ராத்தாவின் முக்காட்டை எடுத்தா. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. குனிந்து மண்டையைப் பார்த்தா. மருந்து சுட்ட இடங்களில் தோல் உரிந்து செதிலாக இருந்தது.

"இது என்ன வருத்தம்?" என்றா, ஏதோ நோய் என்று நினைத்து.

"வருத்தம் இல்ல மாமி, மருந்து பூசினது" என்றாள் ராத்தா.

"வருத்தம் இல்லாட்டி என்னத்துக்கு மருந்து?"

உம்மா பெட்டி வந்த கதையைச் சொன்னா. முடியைச் சுருட்ட ஒரு மருந்து உண்டென்பதை மாமி கேள்விப்பட்டதே இல்லை. லேடிமாருக்குப் பிறப்பிலேயே சுருட்டை என்றுதான் நினைத்திருந்தா. போத்தல் எங்கே என்றா, புதைத்தாயிற்று. பெட்டி எங்கே, எரித்தாயிற்று. கடதாசி? காணவில்லை. மாமி எழுந்து எண்ணெய்ப் போத்தலைத் திரும்பக் கையில் எடுத்தா. "சொறியோ புழுவெட்டோ, சொல்லித் தந்திரிந்தா நாங்க யோசிச்சிரிப்பம். மறைச்சித் தரப் பாத்திரிக்கீங்க. வெள்ளிக்கிழமை மகன் ஜும்ஆவுக்கு வருவான். அவன் வந்து ஒரு முடிவு சொல்லட்டும்." பூவை மட்டும் மறந்து பாயிலேயே விட்டுவிட்டுப் போனா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்தாவுக்கு நோய் இல்லை என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அது என் தகரப் பெட்டிக்குள் இருந்தது. அதைக் கொடுத்தால் ராத்தாவின் கலியாணம் பிழைக்கும். தடித்த எழுத்து வரியைப் படித்தால் நான் பிழைக்க மாட்டேன்.

புதனும் வியாழனும் ராத்தா வீட்டைத் தலைகீழாக்கினாள். பாய்க்குக் கீழே, அரிசிச் சாக்குக்குப் பின்னால், நூல் கூடைக்குள், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில். "தங்கச்சி, நல்லா யோசி, கடைசியா எங்க வெச்சாய்?" என்று கேட்டுக் கேட்டுத் தேடினாள். நானும் அவளோடு சேர்ந்து குனிந்து குனிந்து தேடினேன். ஒளித்து வைத்தவளே தேடுவது போல் நடிப்பதைவிடக் கேவலமான வேலை ஒன்றை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் தேடினேன். வியாழக்கிழமை பின்னேரம் அவள் தேடுவதை நிறுத்திவிட்டு அந்த வாடிய பூவை எடுத்து முற்றத்தில் போட்டாள். "விடு. எனக்கு எழுதினது இவ்வளவுதான்" என்றாள்.

நான் உள்ளே போய்க் கடதாசியை எடுத்தேன். அந்த வரியை மட்டும் வெட்டிவிடலாமா என்று கத்தரிக்கோலோடு நின்றேன். அது நட்டநடுவில் இருந்தது. வெட்டினால் அதன் பின்பக்கத்தில் இருந்த படம் போய்விடும். தலையில் குழல் சுற்றிய பெண்ணின் படம் அது, மாமிக்கு நம்பிக்கை வருவதென்றால் அதைப் பார்த்துத்தான் வரும். கத்தரிக்கோலைத் திரும்ப வைத்தேன். அன்றிரவு யாசீன் ஓதும்போது ஒரு முடிவுக்கு வந்தேன் என்று சொல்ல ஆசை. வரவில்லை. காலையில் வாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கை தானாக நீண்டுவிட்டது. "கிடைச்சிட்டு வாப்பா" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து மாப்பிள்ளை மாமியோடு வந்தார். முன்னறையில் வாப்பாவும் அவர்களும். திரைக்கு இந்தப் பக்கம் உம்மா, ராத்தா, நான். தேத்தண்ணி போனது. வாப்பா கடதாசியைக் கொடுப்பது கேட்டது. மாப்பிள்ளை அதைப் பிரித்துப் படத்தை மாமிக்குக் காட்டினார். "பாருங்க உம்மா, தலையில குழல் சுத்தியிரிக்கு."

"என்ன எழுதியிரிக்கு, அதப் படி" என்றா மாமி.

அவர் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். அகராதி இல்லாமல், தண்ணீர் குடிப்பது போல். தலையை எண்ணெய் போகக் கழுவ வேண்டும். முதல் போத்தல் மருந்தைப் பஞ்சால் தடவ வேண்டும். மெல்லிய தாளை வைத்துச் சுருட்ட வேண்டும். எனக்கு எல்லா வரியும் மனப்பாடம், அடுத்தது அந்த வரி. ராத்தா என் கையைப் பிடித்திருந்தாள். என் கை வேர்த்து அவளுடைய பிடி வழுக்கியது.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்துத் திரும்பத் தட்டில் வைப்பது கேட்டது. பிறகு அவர், "அதுக்குப் பிறகு நல்ல தண்ணில அலச வேணுமாம்" என்றார். அதற்கு அடுத்த வரி அது. இரண்டாவது போத்தலைப் பற்றியும் சொன்னார். கடைசியில், சிலருடைய முடிக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சின்ன எழுத்தில் இருந்ததையும் சொன்னார்.

நான் விட்ட மூச்சில் திரை அசைந்திருக்க வேண்டும்.

"அப்ப வருத்தம் இல்லையா?" என்றா மாமி.

"இல்ல உம்மா. வேருக்கு ஒண்டும் ஆகல்ல. புதுசா வாற முடி பழையபடியே வரும்." கடதாசி மடிபடும் சத்தம் கேட்டது. "இது என்னட்ட இரிக்கட்டும்" என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில், திரைப் பக்கமாகச் சொல்வது போல், "எனக்கு ஆர் சொன்னது சுருட்டை முடி வேணும் எண்டு?" என்றார். ராத்தா அப்போதுதான் அழுதாள். எட்டு நாள் அழாததையெல்லாம் சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பாத்தியா தங்கச்சி, மருந்துலதான் பிழையாம். நம்மட பிழை இல்லையாம்" என்று என் காதுக்குள் சொன்னாள்.

"ஓம் ராத்தா" என்றேன்.

கலியாணம் சொன்ன நாளிலேயே, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மாமி புது எண்ணெய்ப் போத்தலோடு வந்து, பிடரி வரை இருந்த தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டா. காதோரத்து ஐந்தாறு சுருளை மட்டும் சந்தேகத்தோடு தொட்டுப் பார்த்தா. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அடுத்த நாள் காலையில், புது மச்சான் பெண்ணின் தங்கைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எல்லாரும் கூடி நின்று பகிடி பண்ணினார்கள். துணியோ வளையலோ வரும் என்று பார்த்தோம். அவர் ஒரு மேசை மணிக்கூட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதுல நிமிசமும் தெரியும், மச்சி" என்றார்.

முகத்தில் ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அது குத்தலா, மன்னிப்பா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கிளாக்கர் மாப்பிள்ளை என்றால் இப்படித்தான் பெறுமதியாகத் தருவார் என்று அயல் பெண்கள் மெச்சினார்கள். "சிரியன்டி, மணிக்கூடெல்லாம் தந்திரிக்கார்" என்று ராத்தா என் விலாவில் இடித்தாள். நான் சிரித்தேன்.

அவளுடைய முடி திரும்ப இடுப்பு வரைக்கும்தான் வளர்ந்தது, பழையபடியே கோடு போட்டது போல் நேராக. மச்சான் மௌத்தாகும் வரை அந்தக் கடதாசியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ராத்தாவும் போய்விட்டாள். கடைசி நாட்களில் கண் தெரியாமல் படுத்திருந்தபோது, "தங்கச்சி, மணி என்ன?" என்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்பாள். நான் அந்த மணிக்கூட்டைப் பார்த்து நிமிடம் பிசகாமல் சொல்லுவேன். அந்த வரியை மட்டும் சொல்லவில்லை.